பிரமிடின் வயதை யார் சொன்னது?

கீசா பீடபூமியில் நிற்கும் மாபெரும் பிரமிடு எப்போது கட்டப்பட்டது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: சுமார் கி.மு. 2560. வினாடி வினாவில் மதிப்பெண் வாங்கித் தரும் எண் அது. ஆனால் சற்று யோசித்தால் உறுத்தும். அந்தப் பிரமிடில் ஏறத்தாழ 23 லட்சம் கற்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். கட்டி முடித்த ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும், கிறிஸ்து பிறப்பதற்கு இத்தனை ஆண்டுகளுக்கு முன் என்று எழுதிவைக்க அன்று யாராலும் முடிந்திருக்காது. அப்படியானால் இந்த எண் எங்கிருந்து வந்தது?

கல்லையே சோதித்துப் பார்த்தால் தெரியாதா? தெரியாது. கீசாவின் சுண்ணாம்புக்கல் நான்கு கோடி ஆண்டுகளுக்கும் பழையது. ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு அது. உற்றுப் பார்த்தால் நும்முலைட் என்னும் கடலுயிரிகளின் ஓடுகள் சின்னச் சின்ன வில்லைகளாகக் கண்ணுக்கே தெரியும். பாறை எப்போது உருவானது என்பதைக் கல் சொல்லும். அதை எப்போது வெட்டி அடுக்கினார்கள் என்பதைச் சொல்லாது.

யார் கட்டியது என்பதில் அவ்வளவு குழப்பம் இல்லை. 1837-இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, பிரமிடுக்குள் அரசன் அறைக்கு மேலே அடைபட்டுக் கிடந்த சிற்றறைகளை வெடிமருந்து வைத்துத் திறந்தார். உள்ளே, வேலைக்குழுக்கள் சிவப்புக் காவியால் கற்களின் மேல் எழுதிய குறிகள் இருந்தன. அவற்றில் இருந்தது நான்காம் வம்சத்து மன்னர் கூஃபுவின் பெயர். ஆக, பிரமிடின் வயது என்ன என்ற கேள்வி, கூஃபு எப்போது ஆண்டார் என்ற கேள்வியாகிறது. அதற்கு விடை தேட அறிஞர்கள் நான்கு வெவ்வேறு வழிகளில் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு வழியும் தவறக்கூடியதுதான். ஆனால் ஒன்று தவறும் விதத்தில் மற்றொன்று தவறாது. அதனால்தான் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க முடிகிறது.

மாடுகளை எண்ணிய நாடு

எகிப்தில் தொடர் ஆண்டுக் கணக்கு கிடையாது. ஒவ்வொரு மன்னர் அரியணை ஏறியதும் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கூஃபுவின் காலத்தில் அதுகூட நேரடியாக இல்லை. வரி விதிப்பதற்காக நாட்டின் கால்நடைகளை எண்ணுவார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ‘இத்தனையாவது கணக்கெடுப்பு ஆண்டு’, ‘அதற்கு அடுத்த ஆண்டு’ என்றுதான் ஆவணங்களில் தேதி போடுவார்கள்.

எனவே முதல் வழி, மன்னர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொருவரின் ஆட்சியாண்டுகளையும் கூட்டிக்கொண்டே பின்னோக்கிப் போவது. இதற்கு உதவும் பட்டியல்கள் சில உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் மனேத்தோ என்ற எகிப்தியப் பூசாரி, தம் நாட்டு வரலாற்றைக் கிரேக்க மொழியில் எழுதினார். மன்னர்களை 30 வம்சங்களாகப் பிரித்தவர் அவர்தான். மூலநூல் தொலைந்துவிட்டது, பிற்காலத்தவர் எடுத்தாண்ட பகுதிகளே மிச்சம். அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயில் சுவரில் ஒரு பெயர் வரிசை உண்டு. எல்லாவற்றிலும் விரிவானது, இத்தாலியின் துரின் நகர அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ். இரண்டாம் ராம்சேஸ் காலத்தைச் சேர்ந்த அந்தச் சுருள் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நொறுங்கிப்போனது. துண்டுகளைப் பொருத்தி மன்னர்களின் பெயர்களையும் ஆட்சிக் காலங்களையும் படித்திருக்கிறார்கள்.

கூட்டலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். கி.மு. 664-இல் முதலாம் சம்மெதிக் ஆட்சிக்கு வந்ததிலிருந்து எகிப்தின் கணக்கு, கிரேக்க, பாபிலோனிய, பாரசீக ஆவணங்களோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதற்கு முன்னே போகப் போகத்தான் தொல்லை. சில காலகட்டங்களில் நாடு உடைந்து, ஒரே நேரத்தில் இரண்டு மூன்று மன்னர்கள் ஆண்டார்கள். பட்டியல் அவர்களை ஒருவர் பின் ஒருவராக எழுதிவிடும். கூஃபுவின் ஆட்சிக் காலத்திலேயே ஒற்றுமை இல்லை. துரின் பாப்பிரஸ் 23 ஆண்டுகள் என்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 50 என்கிறார். மனேத்தோவின் கணக்கில் 63. ஒரு மன்னருக்கே 40 ஆண்டு வித்தியாசம் என்றால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் கூட்டினால் என்னவாகும்?

இந்த இடத்தில் 2013-இல் ஒரு நல்ல காலம் பிறந்தது. செங்கடல் கரையில், சூயஸுக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாதி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில், பியர் தலே தலைமையிலான பிரெஞ்சு – எகிப்தியக் குழு ஒரு பழைய துறைமுகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. படகுகளைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பத்திரப்படுத்தப் பாறையைக் குடைந்து கூடங்கள் அமைத்திருந்தார்கள். அவற்றின் வாயிலை அடைத்திருந்த பெருங்கற்களுக்கிடையே பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பழையவை அவை.

அவற்றில் ஒன்று மெரேர் என்ற படகுக்குழுத் தலைவரின் அன்றாடக் குறிப்பேடு. மேலே மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாக. கீழே அந்தந்த நாளின் வேலை. துரா சுரங்கத்தில் கல் ஏற்றினார்கள், இடையில் ஓரிடத்தில் இராத்தங்கினார்கள், கூஃபுவின் பிரமிடில் இறக்கினார்கள், வெறும் படகோடு திரும்பினார்கள் என்று அலுவலக நடையில் போகிறது குறிப்பு. பிரமிடின் வெளிப்புறத்தை மூடிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைல் வழியாக வந்த விதம் நாள்கணக்கில் பதிவாகியிருக்கிறது. வேலையை மேற்பார்வை பார்த்தவராகக் கூஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃபின் பெயரும் இருக்கிறது. காலக்கணக்குக்கு முக்கியமானது அங்கே கிடைத்த ஆவணங்களில் காணும் ஒரு தேதி: பதின்மூன்றாவது கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணினார்கள் என்றால் அது ஆட்சியின் 26 அல்லது 27-ஆம் ஆண்டு. துரின் பாப்பிரஸின் 23 குறைவு என்று தெரிகிறது. 63 ஆண்டு ஆட்சிக்கு ஆதாரமாகவோ, அதன் அருகில் வருவதாகவோ தேதி எதுவும் இல்லை.

வானத்திலிருந்து ஒரு பிடிமானம்

இரண்டாவது வழி வானியல். எகிப்தியரின் ஆண்டு 365 நாட்கள்: முப்பது நாள் கொண்ட 12 மாதங்கள், கடைசியில் ஐந்து நாட்கள். லீப் ஆண்டு கிடையாது. உண்மையான சூரிய ஆண்டு ஏறத்தாழ 365¼ நாள் என்பதால், நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் அவர்களுடைய நாட்காட்டி பருவங்களைவிட்டு நழுவிக்கொண்டே போனது. நாட்காட்டிக்கு அது குறை. நமக்கு அதுவே வரம்.

சிரியஸ் என்ற பிரகாசமான விண்மீன் ஆண்டுக்குச் சுமார் 70 நாட்கள் சூரிய ஒளியில் மறைந்திருந்து, ஒருநாள் விடியலுக்குச் சற்று முன் கிழக்கே மறுபடி தலைகாட்டும். இதை வைகறை எழுச்சி எனலாம். பழங்கால எகிப்தில் இது நைல் வெள்ளம் பெருகும் காலத்தோடு ஒட்டி வந்தது. புத்தாண்டின் அடையாளமாகவும் கருதப்பட்டது. ஆனால் நாட்காட்டி நழுவியதால், இந்த எழுச்சி புத்தாண்டு நாளிலேயே விழுவது ஏறத்தாழ 1,460 ஆண்டுக்கு ஒருமுறைதான். கி.பி. 139-இல் அப்படி விழுந்ததாக சென்சொரினஸ் என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். அதிலிருந்து இரண்டு சுற்றுகள் பின்னே போனால் கி.மு. 2770-களில் ஒரு பொருத்தம் வருகிறது.

இனி, பழைய ஆவணம் ஏதாவது சிரியஸ் எழுந்த தேதியைச் சொன்னால் போதும். லாஹூன் கோயிலில் கிடைத்த ஒரு கடிதம் சொல்கிறது. அடுத்து வரும் எழுச்சிக்குப் படையல் தயாராக இருக்க வேண்டும் என்று கோயில் ஊழியர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் கடிதம் அது. மன்னர் மூன்றாம் செனுஸ்ரெத்தின் ஏழாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று கொள்கிறார்கள். எழுச்சி நாள், இரண்டாம் பருவத்தின் நான்காம் மாதம் 16-ஆம் தேதி. அதாவது புத்தாண்டிலிருந்து 225 நாட்கள் தள்ளி. ஒரு நாள் நழுவ நான்கு ஆண்டுகள் என்றால் 225 நாட்களுக்கு 900 ஆண்டுகள். 2770-இலிருந்து 900-ஐக் கழித்தால் சுமார் கி.மு. 1870.

அழகான கணக்குதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. தெற்கே போகப் போக சிரியஸ் முன்னதாகவே தெரியும். அவர்கள் மெம்ஃபிஸ் அருகிலிருந்து பார்த்தார்களா, தென்கோடியில் அசுவான் அருகிலிருந்தா என்பதைப் பொறுத்து ஐந்தாறு நாள் மாறும். ஆண்டுக்கணக்கில் அது இருபதுக்கும் மேல். தவிர, இந்தப் பிடிமானம் கூஃபுவுக்கு ஏழு நூற்றாண்டு பிந்தியது. இடையே நாடு சிதறிக் கிடந்த ஓர் இருண்ட காலமும் உண்டு.

பிரமிடு திருத்திய கடிகாரம்

மூன்றாவது வழி 1940-களின் இறுதியில் சிகாகோவில் பிறந்தது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது, நைட்ரஜன் அணுக்களில் சில, கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனாக மாறுகின்றன. லட்சம் கோடி கார்பன் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றே இப்படிப்பட்டது. செடிகள் காற்றிலிருந்து அதையும் சேர்த்தே உள்ளிழுக்கின்றன. உயிர் இருக்கும்வரை உள்ளே வருவதும் சிதைவதும் சமநிலையில் இருக்கும். செடி வெட்டப்பட்டதும் வரத்து நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். 5,730 ஆண்டுகளில் பாதி போய்விடும். இதை அரைஆயுள் என்பார்கள். எவ்வளவு மீதியிருக்கிறது என்று அளந்தால், செடி உயிரிழந்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லலாம்.

இதைக் கண்டறிந்த வில்லார்ட் லிபிக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முதலில் இந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க, வயது ஏற்கெனவே தெரிந்த பழைய மரம் அவருக்குத் தேவைப்பட்டது. அவர் நாடியது எகிப்தை. ஜோசர் மன்னரின் கல்லறையில் கிடைத்த வேல மரத் துண்டும், கூஃபுவின் தந்தை ஸ்நெஃபெருவின் காலத்து மரமும் அவருடைய முதல் சோதனைப் பொருட்களில் இருந்தன. அன்றைய கருவிகளின் பெரிய பிழை வரம்புக்குள் முடிவுகள் ஒத்துப்போயின.

கருவிகள் கூர்மையடைந்ததும் சிக்கல் தலைதூக்கியது. பிரமிடுக் காலத்துப் பொருட்கள் எல்லாம் வரலாற்றுக் கணக்கைவிடச் சில நூற்றாண்டு இளமையாகத் தெரிந்தன. எகிப்தியல் அறிஞர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மன்னர் பட்டியலில் அத்தனை பெரிய பிழைக்கு இடமில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதே சரியாயிற்று. கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில் 4,000 ஆண்டுகளுக்கும் மேல் வாழும் பிரிஸ்டில்கோன் பைன் மரங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு வளையம் என்பதால் ஒவ்வொரு வளையத்தின் வயதும் எண்ணியே தெரிந்துகொள்ளக்கூடியது. 1960-களில் ஹான்ஸ் சூஸ் அந்த வளையங்களின் கார்பன்-14 அளவைச் சோதித்தார். வளிமண்டலத்தில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பது தெரிந்தது. பூமியின் காந்தப்புலமும் சூரியனின் சீற்றமும் மாறும்போது அதன் உற்பத்தியும் ஏறி இறங்குகிறது. இன்று எந்தக் கார்பன் தேதியும் மர வளையங்களோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே வெளியாகிறது. அளவுத்திருத்தம் செய்ததும் பிரமிடுக் காலத்துத் தேதிகள் பின்னோக்கி நகர்ந்து, வரலாற்றுக் கணக்கின் அருகில் வந்தன.

பழைய விறகு

அடுத்து, பிரமிடையே நேரடியாகச் சோதிக்க வேண்டியதுதானே? சோதித்தார்கள். கற்களுக்கிடையே பூசியிருக்கும் ஜிப்சம் சாந்தைத் தயாரிக்க விறகு எரித்தார்கள். அடுப்புக் கரித்துணுக்குகள் சாந்தோடு கலந்துவிட்டன. 1984-இல் அந்தக் கரியை எடுத்து அளந்தபோது, எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக 374 ஆண்டுகள் பழையதாக வந்தது. 1995-இல் இன்னும் விரிவாக, முந்நூறுக்கும் மேற்பட்ட மாதிரிகளோடு மறுபடி செய்தார்கள். வித்தியாசம் ஓரிரு நூற்றாண்டாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை.

சென்னையில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டுக்குக் காரைக்குடியிலிருந்து பழைய தேக்குக் கதவு வாங்கி மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கதவை வைத்து வீட்டின் வயதைச் சொன்னால் நூறாண்டு தவறும். கதவின் மரம் எப்போது வெட்டப்பட்டது என்று பார்த்தால் இன்னும் பின்னே போகும். கார்பன் கணக்கில் இதற்குப் பழைய மரச் சிக்கல் என்று பெயர். எகிப்தில் மரம் அரிது. பிரமிடு வேலைக்கு வேண்டிய விறகுக்கு, கையில் கிடைத்த பழைய உத்தரம், உடைந்த சாமான், குப்பைமேட்டுக் கட்டை எல்லாம் அடுப்புக்குள் போயிருக்கும். போதாததற்கு ஒரு பெரிய மரத்தின் நடுப்பகுதி, அது வெட்டப்படுவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். கார்பன்-14 அந்த வளையம் உருவான நாளிலிருந்தே கணக்கை ஆரம்பித்துவிடும்.

இதற்குக் கச்சிதமான சான்று ஒன்று எதிர்பாராமல் கிடைத்தது. 1872-இல் வேன்மன் டிக்ஸன் என்ற பொறியாளர், பிரமிடுக்குள் அரசி அறையின் ஒடுங்கிய துளைகளில் மூன்று பொருட்களைக் கண்டெடுத்தார்: ஒரு கல் உருண்டை, ஒரு செம்புக் கொக்கி, ஒரு தேவதாரு மரத்துண்டு. முதல் இரண்டும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின. மரத்துண்டு எங்கே போனதென்று தெரியாமலே போயிற்று. ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகச் சேகரிப்பில் வேலை பார்த்த அபீர் எல்அதானி என்ற எகிப்தியப் பெண், ஆசியப் பொருட்களுக்கான பிரிவில் ஒரு சுருட்டு டப்பாவைக் கவனித்தார். மூடியில் எகிப்தின் பழைய கொடி. உள்ளே மரச் சிராய்கள். தேடிக்கொண்டிருந்த துண்டு அதுதான். 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கார்பன் தேதி கி.மு. 3341-க்கும் 3094-க்கும் இடையே, அதாவது கூஃபுவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன். பிரமிடு அவ்வளவு பழையது என்று இதற்குப் பொருளல்ல. நெடுங்காலம் வாழ்ந்த ஒரு மரத்தின் உட்பகுதியாகவோ, பலமுறை கைமாறிய கட்டையாகவோதான் இருக்க வேண்டும்.

தப்பிக்க ஒரே வழி, ஓராண்டே வாழும் தாவரங்களை எடுப்பது. தானிய மணி, நாணல் கூடை, ஆளிநார்த் துணி. கிறிஸ்டோபர் பிராங்க் ராம்சே தலைமையில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்களும் பிறரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் செய்தது. தொல்பொருள் மாதிரிகளை எகிப்திலிருந்து வெளியே கொண்டுபோகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால், ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே இருந்த பொருட்களிலிருந்து, எந்த மன்னர் காலத்தவை என்று உறுதியாகத் தெரிந்த 211 மாதிரிகளை எடுத்தார்கள்.

அவர்கள் ஒரு நுணுக்கத்தையும் கவனித்தார்கள். வளிமண்டலத்தின் கார்பன்-14 ஆண்டுக்குள்ளேயே பருவத்துக்குப் பருவம் லேசாக மாறும். அளவுத்திருத்தத்துக்குப் பயன்படும் மரங்கள் கோடையில் வளர்பவை. எகிப்தின் பயிர்களோ வெள்ளம் வடிந்தபின் குளிர்காலத்தில் வளர்ந்தவை. அசுவான் அணைகள் வருவதற்கு முன் சேகரித்து உலர்த்திவைத்த எகிப்தியச் செடிகளை அளந்து, இந்த வேறுபாடு சுமார் 19 கார்பன் ஆண்டுகள் என்று கண்டு, அதையும் கணக்கில் சேர்த்தார்கள். பிறகு தனித்தனித் தேதிகளை மன்னர் வரிசையோடு இணைத்தார்கள். முன்னவர் காலத்துப் பொருள் பின்னவர் காலத்தைவிடப் பிந்தியதாக இருக்க முடியாது என்ற ஒரு நிபந்தனையே ஒவ்வொரு தேதியின் தடுமாற்றத்தையும் வெகுவாகச் சுருக்கிவிடுகிறது. பேய்சியன் முறை என்று புள்ளியியலார் சொல்வது இதைத்தான்.

விடை: ஜோசர் அரியணை ஏறியது கி.மு. 2691-க்கும் 2625-க்கும் இடையே. இனிக் கூஃபுவின் காலத்தை நாமே போட்டுப் பார்க்கலாம். துரின் பாப்பிரஸில் ஜோசருக்கு 19 ஆண்டுகள், அடுத்த இருவருக்கு ஆறு ஆறு, ஹூனிக்கு 24, ஸ்நெஃபெருவுக்கு 24. கூட்டினால் 79. ஆக, கூஃபு ஆட்சிக்கு வந்தது தோராயமாக கி.மு. 2612-க்கும் 2546-க்கும் இடையே. ஸ்நெஃபெரு 24 ஆண்டுக்கு மேல் ஆண்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியானால் இன்னும் சற்றுப் பிந்தும். அதோடு மெரேரின் சகாக்கள் தந்த 26, 27 ஆண்டுகளைச் சேர்த்தால் பாடநூலின் 2560 இந்த வரம்புக்குள்தான் விழுகிறது. அந்த எண்ணின் முன்னால் நிற்கும் ‘சுமார்’ என்ற சொல்லுக்கு சில பத்தாண்டு அகலம்.

வடக்கு எது?

நான்காவது வழி இன்னும் சர்ச்சையில் இருக்கிறது. மாபெரும் பிரமிடின் பக்கங்கள் உண்மை வடக்கிலிருந்து ஒரு பாகையில் பதினைந்தில் ஒரு பங்குகூட விலகவில்லை. அன்று வடதுருவத்தைச் சரியாகக் காட்டும் துருவ விண்மீன் கிடையாது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை மெல்லத் தள்ளாடிச் சுழல்வதால் வானத்தின் துருவப்புள்ளி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கணக்கிடுவது இந்த நகர்வின் விளைவைத்தான்.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேட் ஸ்பென்ஸ் 2000-இல் ஒரு யோசனை சொன்னார். துருவத்தின் இருபுறமும் உள்ள இரண்டு விண்மீன்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செங்குத்தாக வரும் கணத்தில் நூல்குண்டு பிடித்து வடக்கைக் குறித்தார்கள். அச்சு நகர்ந்ததால் அடுத்தடுத்த பிரமிடுகளின் பிழை ஒரே சீராக மாறியது. அந்தப் பிழையிலிருந்தே ஆண்டைக் கணிக்கலாம். அவர் கணக்கில் கூஃபுவின் பிரமிடுக்குக் கிடைத்தது கி.மு. 2478, ஐந்து ஆண்டு முன்பின். கார்பன் சொல்வதைவிட இது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தியது. வேறு இரு விண்மீன்களை எடுத்துக்கொண்டால் வேறு ஆண்டு வரும் என்றார்கள் மற்ற வானியலாளர்கள். கிளென் டேஷ் என்ற பொறியாளரோ, இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் நுனியைக் குறித்துக்கொண்டே வந்தாலே கிட்டத்தட்ட அதே துல்லியம் கிடைக்கும் என்று 2016-இல் செய்துகாட்டினார். நிழலை வைத்துத் திசை குறித்திருந்தால் விண்மீன் கணக்கே பொருந்தாது. எனவே 2478-ஐ இன்று யாரும் முடிவான தேதியாக எடுத்துக்கொள்வதில்லை.

சில பத்தாண்டு அகலத்தை ஒரே ஆண்டாகச் சுருக்க முடியுமா? 2012-இல் ஜப்பானிய இயற்பியலாளர் ஃபூசா மியாகே பழைய மரங்களின் வளையங்களில், கி.பி. 774-க்கும் 775-க்கும் இடையே கார்பன்-14 திடீரென எகிறியிருப்பதைக் கண்டார். சூரியனின் ஏதோ ஒரு பெருஞ்சீற்றம் காரணம் என்று கருதுகிறார்கள். 993-இலும் அப்படி ஒன்று நடந்தது. கனடாவின் லான்ஸ்-ஓ-மெடோஸில் வைக்கிங்குகள் வெட்டிப்போட்ட மரத்தில் அந்த எகிறலைக் கண்டுபிடித்து, அதிலிருந்து பட்டைவரை 28 வளையங்கள் எண்ணி, மரம் வெட்டப்பட்டது 1021-இல் என்று 2021-இல் அறிவித்தார்கள்.

கூஃபுவின் காலத்துக்கும் இது நடக்க இரண்டு வேண்டும். முதலாவது, அந்த நூற்றாண்டை ஒட்டி இப்படியொரு எகிறல் உலகின் வேறெங்காவது மர வளையங்களில் உறுதியாகப் பதிவாகியிருக்க வேண்டும். இரண்டாவது, எகிப்திலிருந்தே தக்க மரம் கிடைக்க வேண்டும். பிரமிடின் தென்புறக் குழியில் 1954-இல் கண்டெடுத்து, 2021-இல் புதிய பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு மாற்றிய 43 மீட்டர் நீளக் கூஃபுவின் படகில் தேவதாருப் பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் தச்சர்கள் பலகையை இழைக்கும்போது வெளிவளையங்களையும் பட்டையையும் சீவி எறிந்துவிட்டால், எகிறல் கிடைத்தாலும் மரம் வெட்டிய ஆண்டு கிடைக்காது. தேவைப்படுவது, பட்டை ஒட்டியபடியே இருக்கும் ஒரு சாதாரணக் கட்டை. வாதி அல்-ஜர்ஃபிலோ கீசாவின் தொழிலாளர் குடியிருப்பிலோ எங்காவது.